ஜான்சன் யாருடைய மகன்?

புனேயில் எங்கள் வங்கிக் கிளைக்கு வரும் நம்ம ஊர்க்காரர்கள், விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்திவிடுவார்கள். ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தார்கள்!

'ஜான்சன்' என்றால் ஜானின் மகன், அவ்வளவுதான். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும் முன் அங்கே பரம்பரைப் பெயர் வழக்கமே இல்லை. ஜான் மகன் வில்லியம், 'வில்லியம் ஜான்சன்'. அவன் மகன் தாமஸோ 'வில்லியம்சன்'. நம்ம இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறும். சொத்துப் பத்திரமும் வரிப் பட்டியலும் பெருகப் பெருக, 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் உறைந்துபோனது. அப்புறம் வில்லியம் ஜான்சனின் பேரனும் ஜான்சன்தான்!

ஊருக்கு ஊர் ஜான் இருந்ததால், ஜான்சன்கள் எல்லாரும் ஒரே வம்சம் இல்லை. வேல்ஸில் இதே ஜானிலிருந்துதான் 'ஜோன்ஸ்' வந்தது. அமெரிக்கா போன ஸ்வீடன்காரர்களில் பல யோஹான்சன்கள் ஜான்சன் ஆனார்கள். அங்கே அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர் பலருக்கும் இந்தப் பெயர் உண்டு. 2010 கணக்கெடுப்பில் அமெரிக்க ஜான்சன்கள் 19 லட்சத்துக்கும் மேல். ஸ்மித்துக்கு அடுத்த இடம்.

இப்போது நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக ஏறுகிறது. பேரனுக்கும் அதுவே தொடர்ந்தால் தாத்தா பெயர் நிலைக்கும், அப்பா பெயர் காணாமல் போகும். எனக்கென்னவோ இனிஷியலை விட மனசில்லை. உங்க வீட்டில் எப்படி?