மண் சுமந்ததற்கு மார்க் உண்டா?

கல்லூரியில் படித்த நாளில் எங்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போய் ரோடு போடச் சொன்னார்கள். மண் சுமந்தோம், பிட்டுக்குப் பதில் பொங்கல் கிடைத்தது. திங்கட்கிழமை பொருளாதார வாத்தியார் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். அந்த ஊருக்கு ஏன் அதுவரை ரோடு இல்லை என்று அவரும் கேட்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 'சேவை வழிக் கல்வி' என்ற பெயர் அங்கே 1960-களிலேயே பிறந்துவிட்டது. 1985-இல் பிரௌன், ஜார்ஜ்டவுன், ஸ்டான்போர்டு சர்வகலாசாலைகளின் தலைவர்கள் முன்னின்று 'காம்பஸ் காம்பாக்ட்' என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். மாணவர்கள் சுயநலக்காரர்கள் என்ற பழியைத் துடைப்பது அவர்கள் எண்ணம். பிள்ளைகள் கிளம்பத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் சேவை வகுப்புக்கு வெளியிலேயே நின்றது. பேராசிரியர்கள் கை கொடுக்காமல் அது உள்ளே வராது என்பதை, 1990-இல் திமோதி ஸ்டாண்டன் எழுதிய அறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் பிறகு ஆசிரியர்களுக்கே பயிற்சி முகாம்கள் நடத்தினார்கள்.

பேராசிரியர்களின் சந்தேகமும் நியாயமானதே. பாடத்தின் கனம் குறைந்துவிடாதா? நல்ல மனசுக்கு எப்படி மார்க் போடுவது? மிச்சிகன் சர்வகலாசாலையின் ஜெப்ரி ஹோவர்ட் 1993-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது: மார்க் சேவைக்கு அல்ல, சேவையிலிருந்து கற்றுக்கொண்டதற்கு.

அந்தக் கணக்கில் எனக்குப் பூஜ்யம்தான். வாத்தியார்மேல் மட்டும் பழி போட மனம் வரவில்லை. அப்படிக் கேள்வி கேட்க அவருக்குத்தான் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?