அவிட்டு விட்ட மாடுகள்

இணுவிலில் எங்கட அம்மம்மா வீட்டுக் கோடிக்குள்ள ஒரு பழைய மாட்டுக்கொட்டில் இருக்கு. இப்ப அதுக்குள்ள விறகும் ஓடாத சைக்கிள் ஒண்டும்தான். கப்பில இரண்டு மாட்டுக் கயிறு தொங்குது. எறிய வேண்டாம் என்று அம்மம்மா சொல்லியிருக்கிறா. ஏன் என்று கேட்டபோதுதான் சிவலையினதும் மயிலையினதும் கதை வந்தது. அம்மப்பாவின் சோடி மாடுகள் அவை. 1995 இடப்பெயர்வில் இழந்தவை.

வேறு நாடுகளில் ஏர் இழுக்கவும் வண்டி இழுக்கவும் குதிரை இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைச் செய்தது மாடுதான். குதிரை என்றால் எங்களுக்கு நெடுந்தீவு நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. தோட்டக்காரரின் கொட்டிலில் நின்றது எருது. வலிகாமத்துச் செம்மண்ணை உழுதது, புகையிலையும் வெங்காயமும் ஏற்றின வண்டிலை இழுத்தது, சில கிணறுகளில் சூத்திரம் சுற்றித் தண்ணி இறைத்தது எல்லாம் அதுதான். அதன் சாணியும் வீண்போகவில்லை. மாட்டெருவும் குழையும் தாழ்த்துத்தான் அந்த மண்ணில் புகையிலை வளர்ந்தது.

பிறகு மிசின் வந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் துலாவையும் சூத்திரத்தையும் ஓரங்கட்டியது. 1970களில் அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்த, யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது. உழவு இயந்திரங்கள் கூடின. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அந்த நல்ல காலம் முடிந்தது. மிசின் மட்டும் நின்றுவிட்டது. “மாடு வைச்சிருக்கிறவன் பழைய ஆள்” என்ற பேச்சு அந்த நாட்களிலேயே வந்துவிட்டது என்கிறா அம்மம்மா. அம்மப்பா அதையும் கேட்டுக்கொண்டு மாடு வைத்திருந்தார்.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், யூரியா எல்லாம் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெய் விலை ஏழையின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. உழவு இயந்திரங்கள் கொட்டிலில் கிடந்தன. மாடு திரும்ப ரோட்டுக்கு வந்தது. அந்த ஐந்து வருசமும் உழவுக்கும், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகவும், வருத்தக்காரரை ஆசுபத்திரிக்கு ஏற்றவும் சிவலையையும் மயிலையையும் கேட்டு ஊர்ச்சனம் வந்தது. யூரியா இல்லாதபடியால் சாணிக்கும் கிராக்கி. தடைக்காலத்தை யாழ்ப்பாணம் எப்படித் தாண்டியது என்று எழுதுகிறவர்கள் சைக்கிளையும் சிக்கனவிளக்கையும் சொல்வார்கள். மாட்டையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

1995 ஒக்டோபர் நடுப்பகுதியில் இராணுவம் ‘ரிவிரெச’ நடவடிக்கையைத் தொடங்கியது. ஒக்டோபர் 30 மாலை, வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேறுங்கோ என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. நான்கைந்து இலட்சம் சனம். செம்மணி ரோட்டாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போகவேண்டும். சில கிலோமீற்றர் தூரத்தை நகர இரவு முழுக்கப் போனது.

அம்மப்பா முதலில் வண்டிலைப் பூட்டத்தான் நினைத்தார். முன்னுக்குப் போன சனம் ரோட்டில கால் வைக்க இடமில்லை என்று சொல்லி அனுப்பினது. நடக்கமாட்டாத தன் தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தினார். பிறகு கொட்டிலுக்குப் போனார்.

“கட்டி வைச்சிட்டுப் போனால் தண்ணியில்லாமல் செத்துப்போங்கள் எண்டு இவர் கயித்தை அவிட்டு விட்டவர். இருந்த வைக்கல் முழுக்க இழுத்துப் போட்டவர். படலையையும் திறந்து விட்டவர். அதுகள் போகேல்லை. எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டதுகள். ஒழுங்கை முடியுமட்டும் சிவலை பின்னால வந்தது. இவர் கல்லெடுத்து எறிஞ்சு கலைச்சவர். ஒருநாளும் அதுக்குக் கை நீட்டாத மனுசன்.”

டிசம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் போக, சனம் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கியது. அம்மப்பாவும் வந்தார். கூரை பாதி இல்லை. கயிறு இரண்டும் அவர் மாட்டின இடத்திலேயே தொங்கினது. மாடுகள் இல்லை. பல மாதம் ஊர் ஊராகச் சைக்கிளில் திரிந்து, கண்ட மாட்டின் தொடையில் எல்லாம் தன் குறியைத் தேடினாராம். கிடைக்கவில்லை. பிறகு அவர் மாடு வாங்கவேயில்லை. தோட்டத்தைக் கூலிக்கு லாண்ட்மாஸ்ரர் உழுதது.

1914இல் உலகப்போர் தொடங்கியபோது பிரித்தானிய இராணுவம் தன் நாட்டு விவசாயிகளின் குதிரைகளைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டு போனது. தொண்ணூறு வருசம் கழித்து, 2004இல், போரில் செத்த விலங்குகளுக்கென்று இலண்டன் ஹைட் பார்க் ஓரத்தில் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். அங்கே குதிரையை எடுத்துப்போக ஆள் வந்தது, விலை கொடுத்தது. கோபப்படுவதற்கு ஒரு ஆள் இருந்தது. எங்கட ஆக்கள் தங்கட கையாலேயே கயிற்றை அவிழ்த்தார்கள். அதனால்தான் அந்த இழப்பை அவர்கள் வெளியில் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். மனுசர் செத்த கணக்கே முடியாத ஊரில் மாட்டுக்கு அழ வெட்கமாகவும் இருந்திருக்கும். அம்மப்பா சாகும்வரை “மாடு துலைஞ்சது” என்று சொன்னதில்லை. “நான் அவிட்டு விட்டனான்” என்றுதான் சொல்வாராம்.

இப்ப மாட்டுவண்டிச் சவாரிக்கு இளம் பெடியள் திரும்பவும் மாடு வளர்க்கிறார்கள், சந்தோசம்தான். ஆனால் உழுத மாட்டின் கதை சவாரித் திடலில் கிடைக்காது. அது கொட்டில் கப்பிலும் கிழவிமாரின் வாயிலும்தான் இருக்கு. உங்கட வீட்டிலும் 95இல் ஒரு படலையைத் திறந்து விட்டிருப்பார்கள். அந்த மாட்டின் பெயர் என்ன என்று ஒருக்கால் கேட்டு எழுதி வையுங்கோ.