சுவீகாரமும் பெறாமகனும்

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நிற்போருள், நாகபூஷணி அம்மனிடம் புத்திரபாக்கியம் வேண்டிச் செல்லும் தம்பதியரும் உண்டு. பல்லாண்டு வேண்டியிருந்து, பிறர் வயிற்றிற் பிறந்த மகவொன்றைத் தம் மகவாக ஏற்று, அதனை இடுப்பிற் சுமந்து நேர்த்தி தீர்க்கச் செல்வோரும் உண்டு. அத்தகையோரிடம், அறிமுகமானவர் ஒருவர், தீங்கொன்றும் நினையாமலே, "இவன் உங்கட சொந்தப் பிள்ளையோ, எடுத்து வளர்க்கிறியளோ?" என்று குழந்தையின் செவிபடவே வினவிவிடுகிறார்.

அவ்வினாவுக்கு விடை சுவீகாரம் என்னும் சொல்லுக்குள்ளேயே உண்டு. வடமொழியில் 'ஸ்வ' என்பது தன்னுடையது. முன்பு தன்னுடையதாய் இராத ஒன்றைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளுதலே சுவீகாரம். ஆகவே சுவீகாரம் நிகழ்ந்த கணத்திலேயே அப்பிள்ளை சொந்தப் பிள்ளை. தத்து என்பதோ கொடுத்தலைக் குறிக்கும் தாதுவினின்று வந்த 'தத்த' என்பதன் திரிபு. பாய்தலையும், ஜாதகத்திற் சொல்லப்படும் கண்டத்தையும் குறிக்கும் தத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஒரு சொல் கொடுத்தவர் கையை நோக்கிற்று; மற்றது ஏற்றவர் கையை நோக்கிற்று. குழந்தையின் முகத்தை நோக்கிப் பிறந்த சொல் இவ்விரண்டனுள் எதுவுமில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில், 1707-இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்துப் பன்னிரு முதலியார்கள் பார்த்து ஒப்பிய, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையிலும், பிள்ளையை ஏற்கும் முறைக்குத் தனி இடம் உண்டு. சகோதரர் முதலான உரித்தாளரின் சம்மதம் பெறவேண்டும். மஞ்சள் நீர் அருந்தவேண்டும். அதன்பின் பிள்ளை ஏற்றோரின் முதுசத்துக்கு உரியதாகிப் பெற்றோரின் முதுசத்தில் உரிமை இழக்கும். முதுசத்தைப் பற்றிய கவலையே மேலோங்கிய சட்டமாயினும், ஊரறிய ஒரு சடங்கால் உறவை நாட்டிய பெருந்தன்மை அதற்கு உண்டு. பின்னர், 1941-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அக்காரியத்தை மாவட்ட நீதிமன்றத்தின்பாற் சேர்த்தது.

சட்டத்தைவிட எனக்கு அருமையாய்த் தோன்றுவது நம் வீட்டுச் சொல்லொன்று. தமையன் தம்பியர் பிள்ளைகளை ஆடவரும், தமக்கை தங்கையர் பிள்ளைகளைப் பெண்டிரும் யாழ்ப்பாணத்திற் பெறாமகன், பெறாமகள் என்பர். 'பெறா' என்னும் எதிர்மறை முன்னே நின்றும், அச்சொல்லைக் கேட்டு மனம் நொந்த பிள்ளை எவருமில்லை. ஏனெனில் அங்கே அழுத்தம் விழுவது மகன், மகள் என்பதிலேயே. பெறுதல் வேறு, மகவாதல் வேறு என்னும் நுண்ணுணர்வு நம் பேச்சில் இவ்வாறு ஊறியிருக்க, வளர்க்கப்பட்ட பிள்ளையின் முன்னிலையில் "உண்மையான தாய் ஆர்?" என்று கேட்பது எத்துணைக் கொடுமை! பெற்ற தாய் என்றால் ஒருத்தியின் நோவு மதிக்கப்படும். உண்மைத் தாய் என்றாலோ, காய்ச்சலில் இராமுழுதும் விழித்திருந்தவள் பொய்யாகிவிடுவாள். "வேண்டாமென்று விட்டவள்" என்பது அதனினும் கொடிது. வறுமையோ, மரணமோ, ஊர்ப்பழிக்கு அஞ்சிய அச்சமோ பிரித்ததைப் பிள்ளை தன் குறையாக எண்ணிக்கொள்ளும். பிறப்பின் வரலாற்றைப் பிள்ளைக்கு மறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இளமையிலேயே, வீட்டார் வாயால், அன்போடு அதனை அறிதல் நன்று. துறையில் நிற்போர் அதனைச் சொல்ல உரியவரல்லர்.

நம் மரண அறிவித்தல்களில் மக்கள், மருமக்கள், பெறாமக்கள் என உறவுகள் வரிசைப்பட வருகின்றன. ஏற்று வளர்த்த பிள்ளையின் பெயரை 'வளர்ப்பு மகன்' என அடைகொடுத்து ஈற்றில் ஒதுக்காமல், 'மக்கள்' என்னும் வரிசையில், வயதுமுறைப்படி, அதற்குரிய இடத்திலேயே அச்சிடுதல் வேண்டும்.