யார் பெயரில் இருக்கிறது மண்? நெய்வேலி நகரியமும் பெண்கள் மீதான வன்முறையும்

இளைஞர்கள் மரம் வளர்த்துத் தோட்டம் போட்டால் பெண்கள் மீதான வன்முறை குறையும் என்ற கருத்து முன்வைக்கப்படுகிறது. அதை உரசிப் பார்க்க நெய்வேலி நகரியம் ஏற்ற இடம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின், வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. சாலையெங்கும் நிழல்; குவார்ட்டர்ஸைச் சுற்றி வாழையும் முருங்கையும்; சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டிய மேடுகளிலும் மரங்கள். பசுமை மட்டுமே போதுமென்றால் இங்கே செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

பசுமைக்கு ஆதரவான சான்றுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. மனைகளைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்தபின், வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் அது தெருவில் நடக்கும் வன்முறை. சிகாகோவின் பொதுக் குடியிருப்பொன்றில் 145 பெண்களிடம் குவோவும் சல்லிவனும் நடத்திய ஆய்வு (2001), மரங்களருகே வாழ்ந்தவர்களிடம் மூர்க்கம் குறைவு என்றது. அங்கே அளக்கப்பட்டது அந்தப் பெண்களின் மூர்க்கம். அவர்கள் வாங்கிய அடியை அந்த ஆய்வு அளக்கவில்லை.

நமக்கு நெருக்கமான சான்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் கிடைக்கிறது. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சொத்தில்லாத மனைவியரில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி வாங்கியிருந்தனர். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18, வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. மனைவிக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தாலே ஓங்கிய கை தயங்குகிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாக ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பெண்கல்வியில் முன்னேறிய மாநிலத்துக்கு இது பெருத்த வெட்கம்.

நகரியத்தில் குவார்ட்டர்ஸ் வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. அந்த வேலை பெரும்பாலும் கணவனுடையது. கொல்லையில் கீரை வளர்ப்பவளுக்கு அந்த மண்ணில் பாத்தியதை இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வாடகை வீட்டிலும் தங்கும் உரிமை தருகிறது. சொந்த வருமானத்துக்கு அது வழி சொல்லவில்லை. சுற்றுக் கிராமங்களின் நிலை இன்னும் கடினம். மகளுக்குச் சம பங்கு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே இயற்றிவிட்டது. ஆனாலும் சுரங்கத்துக்கு நிலம் போகும்போது பட்டாவில் இருப்பது பெரும்பாலும் அப்பன், அண்ணன் பெயர்கள்தாம். களையெடுத்தவளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆகவே இளைஞர் தோட்டம் வேண்டும். ஆனால் அதன் குத்தகைச் சீட்டு இளம்பெண்கள் பெயரில், எழுத்தில் இருக்க வேண்டும். கேரளத்தின் குடும்பஸ்ரீ திட்டப் பெண்கள் குழுவாய்க் குத்தகை நிலத்தில் பயிரிட்டு வழி காட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்பிள்ளைகள் தண்ணீர் சுமக்கட்டும், மண்வெட்டி பிடிக்கட்டும். கணக்குப் புத்தகம் பெண்களிடம் இருக்கட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படியும் ஊர் என்பதால் முதலில் மண்ணைப் பரிசோதிப்பது அவசியம். மனைவி கையில் காசு வந்ததும் கணவன் மூர்க்கமாகும் வீடுகளும் உண்டு. எனவே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழான மாவட்டப் பாதுகாப்பு அலுவலரும் 181 மகளிர் உதவி எண்ணும் தொடக்கம் முதலே தோட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். நிலம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் முதல் உத்தரவிலேயே பெண்ணின் பெயரை எழுத வேண்டும்.