தங்கவயலுக்கு எட்டாத நீதிமன்றம்

கோலார் தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் ஒரே சமஷ்டியாக இணைக்க 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் வழிவகுத்தது. அதன்படி 1937 அக்டோபர் முதல் தேதி டில்லியில் பெடரல் கோர்ட் தோன்றியது. மன்னர்கள் சபைக்கென அமைந்த மண்டபத்திலேயே அது கூடிற்று. ஆனால், மன்னர்கள் சமஷ்டியில் சேரவில்லை. எனவே, சுரங்கத்தில் உழைத்த நம்மவர்க்கு அதன் கதவு திறக்கவில்லை. ஆயினும், அங்கு வீற்றிருந்த சென்னை நீதிபதி ஒருவரின் பணி நாம் அறியத்தக்கது.

அவர் ஸர் சீனிவாச வரதாச்சாரியார். 1881-இல் பிறந்தார். வழக்கறிஞராகப் புகழ் பெற்று, 1934-இல் சென்னை ஹைகோர்ட் நீதிபதியானார். 1939-இல் பெடரல் கோர்ட்டுக்கு உயர்ந்தார்.

யுத்தமும் 1942-ஆம் ஆண்டுப் போராட்டமும் அக்கோர்ட்டைச் சோதித்தன. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்த பாதுகாப்பு விதி, மூலச் சட்டத்தின் வரம்பை மீறியதென்று 1943 ஏப்ரலில் தலைமை நீதிபதி குவையரும் வரதாச்சாரியாரும் ஜபருல்லா கானும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். சில நாட்களில் அரசாங்கம் அவசரச் சட்டத்தால் அக்குறையை நிரப்பிக்கொண்டது.

குவையர் ஓய்வு பெற்றபின் வரதாச்சாரியார் தற்காலிகத் தலைமை நீதிபதியானார். அப்போது பெனோவாரிலால் சர்மா வழக்கு வந்தது. எந்த வழக்கைத் தனிக் கோர்ட்டுக்கு அனுப்புவது என்பதை, நெறி எதுவும் வகுக்காமல், அதிகாரியின் விருப்பத்துக்கே விட்டிருந்தது ஓர் அவசரச் சட்டம். அது செல்லாதென்று ஜூன் மாதத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. பின்னர் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. 1946-இல் அவர் ஓய்வு பெற்றார்.

அவர் உழைப்பு வீணாயிற்றா? இல்லை என்பதே நம் துணிபு. 1950 ஜனவரியில் பெடரல் கோர்ட் மறைந்து சுப்ரீம் கோர்ட் பிறந்தது. 1952-இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் இதே வினா மீண்டும் எழுந்தது. வரையறையின்றி வழக்குகளைத் தனிக் கோர்ட்டுக்கு அனுப்பும் அதிகாரம், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட் கூறிற்று. பிரிவி கவுன்சில் மறுத்த முடிவு வேறொரு வாயிலாக வந்து நிலைபெற்றது.

இத்தடவை அப்பாதுகாப்பு தங்கவயலுக்கும் உரியதாயிற்று. எம்மாநிலத்தில் குடியேறினும், அதிகாரியின் விருப்பமன்று, சட்டமே நம்மை ஆளவேண்டும். பிறந்த மண்ணை விட்டு வாழ்வோர்க்கு இதனினும் உறுதியான துணை வேறில்லை.