இறகு கொத்தும் கோழி

காஜாங் முதலிய சிலாங்கூர் ஊர்களின் சந்தைகளில் 'ஆயாம் பென்சேன்' என்றொரு கோழி மலிவாக விற்கப்படும். ஓராண்டுக்கு மேல் கம்பிக் கூண்டில் நின்று முட்டையிட்டு ஓய்ந்த பேடு அது. பணி ஓய்வு பெற்றாருக்குரிய பெயரை மலாய் மக்கள் நகையாக அதற்கு இட்டனர். கறிக்கென வாங்குவோரே பெரும்பாலார். இரக்கமுற்று முற்றத்தில் விட்டு வளர்ப்பாரும் சிலர் உளர். அத்தகையோர் விரைவிலேயே ஒன்றைக் கண்டு திகைப்பர். விடுதலை பெற்ற கோழிகள் ஒன்றன் இறகை மற்றொன்று பிடுங்கித் தின்னும். முதுகும் வாலடியும் வெறுந்தோலாகும். குருதி கசிந்துவிட்டாலோ, மற்றவையும் சூழ்ந்து அவ்விடத்தையே கொத்தும்.

இதனைக் கோழிச் சண்டை என்று கருதுவது பிழை. சண்டையைத் தமிழர் நன்கறிவர். உறையூர் 'கோழி' எனப் பெயர் பெற்றது, யானையை எதிர்த்து வென்ற சேவலால் என்பது பழங்கதை. குப்பைக்கோழியின் போரை உவமையாக்கிய குறுந்தொகைப் புலவர் குப்பைக் கோழியார் என்றே வழங்கப்பெற்றார். அறிவியலார் கோழிக் கூட்டத்தை முறையாக ஆராய்ந்தது மிகப் பின்னரே. எக்கோழி எக்கோழியைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டென 1922-இல் நார்வே நாட்டு ஷெல்டெரூப் எப்பே எழுதினார். அவ்வரிசைக்கான கொத்து பெரிதும் தலையில் விழும். அவரவர் இடம் தெளிந்தபின் தணியும். இறகுக் கொத்தோ சினமின்றி நிகழ்வது; தணியாமல் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுப் பரவுவது.

அதன் வேர் இரைதேடலில் உள்ளது. வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. தீபகற்ப மலேசியாவின் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்றும் திரிவது. (மஞ்சட் காலின் நிறம் மட்டும் தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியின் கொடை என்று 2008-இல் மரபணு ஆய்வு காட்டிற்று. அவ்வகையில் தமிழ் நிலத்துக்கும் பங்குண்டு!) பகலின் பெரும்பகுதியை மண்ணைக் கிளறிக் கொத்தியே கழிக்கும் பறவை அது. கம்பித் தரையில் கிளற மண் ஏது? அலகு சும்மா இராது. எதிரே இருப்பதோ தோழியின் இறகு. தரையைக் கொத்தும் இயல்பே இறகின்மேல் திரும்புகிறது என்பதை டச்சு அறிஞர் புளோக்கூயிஸ் 1986-இல் விளக்கினார். கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் நட்ட காஜாங் இஞ்ச் கென்னத் தோட்டம் போன்ற இடங்களில், லயத்துப் பின்புறம் நாளெல்லாம் குப்பை கிளறித் திரிந்த கோழிக்கு இந்நோய் முற்ற ஏது குறைவு.

மனிதன் கண்ட மருந்துகளோ விந்தையானவை. 1903-இல் அமெரிக்கர் ஆண்ட்ரூ ஜாக்சன் கோழிக்கு மூக்குக்கண்ணாடி செய்து காப்புரிமை பெற்றார். அது கண்ணைக் காக்க. குருதியின் செம்மை தெரியாதிருக்கச் செந்நிறக் கண்ணாடி பின்னர் வந்தது. 1930-களில் அலகின் நுனியை வெட்டும் முறை பரவியது. அலகு நகம் போன்றதன்று; நரம்பு செறிந்த உறுப்பு. வெட்டுப்பட்டால் நோவும், சிலவற்றுக்கு அந்நோவு நீங்காமலே நிற்கும். மண்ணைக் கொடுக்க மனமின்றி மூக்கை அறுத்த கதை இது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் ஆணையிட்டு, 2012 முதல் வெறுங் கம்பிக் கூண்டைத் தடுத்தது. ஆயினும் கூண்டு போனதால் மட்டும் கொத்து போய்விடவில்லை. பெருங்கூட்டமாக அடைத்த கொட்டகையில் ஒரு கொத்தி பலரை எட்டுமாதலின், தொல்லை சிலவிடங்களில் மிகுந்ததும் உண்டு.

ஆதலின் மீட்ட கோழிக்குத் திறந்த முற்றம் மட்டும் போதாது. அலகுக்கு வேலை வேண்டும். உலர்ந்த இலையையோ வைக்கோலையோ பரப்பி, தானியத்தை அதனுள் தூவித் தேடவிடல் வேண்டும். முட்டைக்கோசு ஒன்றைத் தலையுயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். புழுதியாட மணலும், புரதம் குறையாத தீனியும் தேவை. குருதி கண்ட கோழியை உடனே பிரித்தல் வேண்டும். ஆனால் மற்றவற்றின் கண்ணில் படும்படி வலைக்கு அப்பால் வைத்தலே நன்று. முற்றும் மறைத்துவிட்டால், மீளும்போது அதனை அயலாகக் கருதித் தாக்கும்.

வேரோடு பிடுங்கிய இறகு சில வாரங்களில் முளைக்கும். ஒடிந்து அடி நின்ற இறகு அடுத்த இறகுதிர் பருவம் வரை மாறாது. முளைக்கும் குருத்தினுள் குருதி ஓடும். மற்றக் கோழிகளின் கண்ணை அதுவே இழுக்கும். எனவே முதுகு மூடத் தொடங்கிய அந்த வாரங்களிலேதான் காவல் மிகுதியும் வேண்டப்படும்.