மூன்று எழுத்திலிருந்து எழுந்த தளபதி

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸீமா சியென் எழுதிய ‘ஷிஜி’ சீன வரலாற்றின் மூலநூல். அதில் சின் நாட்டு அரசன் ஜெங்கின் மூன்றாம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 244, சில வரிகளில் முடிந்துபோகிறது. மெங் ஆவ் என்ற தளபதி ஹான் நாட்டின் 13 நகரங்களைப் பிடித்த செய்தி வருகிறது. அதையடுத்து வாங் யி என்ற தளபதி இறந்த செய்தி, மூன்றே சீன எழுத்துகளில். எந்தக் களம், யார் கை, போரா நோயா, எதுவும் சொல்லப்படவில்லை. ஜெங் 13 வயதில் அரியணை ஏறியபோது பொறுப்பிலிருந்த தளபதிகளின் வரிசையிலும் அந்தப் பெயர் ஒருமுறை வருகிறது.

ஜப்பானியப் படக்கதைகள் கண்ட மாபெரும் ஆசான்களில் ஒருவர் அந்த மூன்று எழுத்திலிருந்துதான் பிறந்தார். ‘கிங்டம்’ என்ற படக்கதையைப் படித்தவர்களுக்கு அவர் ஓகி.

கதையை எழுதி வரைபவர் ஹாரா யசுஹிசா, 1975-இல் பிறந்தவர். கணினிப் பொறியாளர் வேலையை விட்டுவிட்டுப் படக்கதைக்கு வந்தார். வாள்வீரன் முஸாஷியின் வாழ்வை ‘வாகபாண்ட்’ என்ற தொடராக வரைந்துகொண்டிருந்த இனோவே தகேஹிகோவிடம் உதவியாளராக இருந்தார். 2006 தொடக்கத்தில் ‘வாராந்திர யங் ஜம்ப்’ இதழில் ‘கிங்டம்’ தொடங்கியது. முதல் மாதங்களில் தொடர் எடுபடவில்லை. நிறுத்திவிடுவார்களோ என்ற நிலை. ஹாரா தன் பழைய ஆசானிடமே போய் யோசனை கேட்டார். கதையில் கைவைக்கும்படி இனோவே சொல்லவில்லை. கதாநாயகனின் கண்மணியைப் பெரிதாக வரையச் சொன்னார். அதன்பின் தொடர் மேலேறியது. 2013-இல் தெசுகா ஒசாமு கலாசார விருதின் முதன்மைப் பரிசு கிடைத்தது. 2023-இல் அச்சான பிரதிகள் 10 கோடியைத் தாண்டின. இந்தக் கதையில் ஓகி தன் சீடனுக்குத் திரும்பத் திரும்பக் கற்றுத்தருவது பார்வையைத்தான் என்பதால், இனோவேயின் அந்த யோசனையை வெறும் தொழில் நுணுக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சீடன் பெயர் ஷின். தாய் தகப்பன் இல்லாதவன், அடிமை வேலை செய்தவன், நாட்டிலேயே பெரிய தளபதியாக வேண்டும் என்று மரக்கத்தியை வைத்துப் பழகியவன். அவனுக்கும் வரலாற்றில் மூலம் உண்டு: சின் நாட்டுத் தளபதி லீ ஷின். ஆனால் ஷிஜியில் லீ ஷினுக்குக் குருவும் கிடையாது, இளமைக்காலமும் கிடையாது. நேரே போர்க்களத்தில்தான் நுழைகிறார். இளமை எழுதப்படாத வீரன் ஒருவர், மரணம் விளக்கப்படாத தளபதி ஒருவர். ஹாரா இந்த இரண்டு வெற்றிடங்களையும் ஒன்றோடொன்று சேர்த்தார். படக்கதையின் ஆகப் பெரிய கற்பனை இதுதான் என்பேன்.

ஓகியின் தோற்றத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். மலை போன்ற உடம்பு, தடித்த உதடு, எந்நேரமும் ஒரு சிரிப்பு, பேச்சில் பெண்மை கலந்த நயம், கையில் சாதாரண ஆள் தூக்க முடியாத நீண்ட பிடிக்கத்தி. எதிரிகள் அவரைச் சின் நாட்டின் பேய்ப்பறவை என்கிறார்கள். ஜெங்கின் கொள்ளுத்தாத்தாவான அரசரின் காலத்தில் பேரெடுத்த ஆறு பெருந்தளபதிகளில் எஞ்சியவர். புதிய அரசன் எப்படிப்பட்டவன் என்று தெரியும்வரை ஒதுங்கி நின்று கவனிக்கிறார்.

பயிற்சி தரும்படி ஷின் அவரிடம் கேட்கிறான். அவன் எதிர்பார்த்தது வாள்வித்தை. ஓகியோ அவனை எந்த நாட்டுக்கும் கட்டுப்படாத ஒரு நிலத்தில் விட்டு, அங்கே அடித்துக்கொள்ளும் கூட்டங்களை அடக்கிக் காட்டு என்கிறார். தனியாளாக எத்தனை பேரை வெட்டினாலும் அந்த வேலை முடியாது. தன்னை நம்பாத ஆட்களைத் திரட்டி, அவர்களை வைத்து வெல்ல வேண்டும். தலைமைப் பண்பு பற்றி ஒரு சொற்பொழிவும் கிடையாது.

பிறகு ஜாவ் நாட்டோடு பெரும்போர். ஷின் 100 பேருக்குத் தலைவன். அந்தச் சிறு படைக்குப் பெயர் சூட்டுபவர் ஓகி; எதிரித் தளபதி ஒருவரின் தலையைக் கொண்டுவரும் பணியையும் அதற்கே கொடுக்கிறார். ஷின் சாதிக்கிறான், ஊரே கொண்டாடும் வெற்றி. அன்றிரவே ஹோகென் என்ற ஜாவ் வீரன் முகாமுக்குள் புகுந்து வெட்டித்தள்ளுகிறான். நினைவிழந்த ஷினைத் தூக்கிக்கொண்டு அவனுடைய ஆட்கள் காட்டுக்குள் ஓடுகிறார்கள், அவனைக் காப்பதற்காக ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அவனோடு சேர்ந்து படைக்கு வந்த ஊர்க்காரன் பிதோவும் போகிறான். தலைவன் என்றால் தன் உயிருக்காக மற்றவர்கள் சாகும் நிலையைச் சுமப்பவன் என்பதை ஷின் அங்கே கற்கிறான். வெற்றியையும் இழப்பையும் ஒரே நாளில் வைத்த ஹாராவின் துணிவை எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்.

பதினாறாம் தொகுதியில் ஓகியின் முடிவு. ஹோகெனோடு மோதும்போது முதுகில் அம்பு பாய்கிறது, அந்தக் கணத்தில் மார்பில் ஆயுதம் இறங்குகிறது. சுற்றிவளைத்த படையைப் பிளந்து வெளியேற வேண்டும். ஓகியின் குதிரையில் ஷினும் ஏறிக் கடிவாளத்தைப் பிடிக்கிறான். உயிர் போய்க்கொண்டிருக்கும் அந்த ஓட்டத்தில் ஓகி அவனை முன்னால் பார்க்கச் சொல்கிறார்: எதிரிகளின் திரளை, அவர்களின் முகங்களை, தன் பக்கத்து ஆட்களின் முகங்களை, வானத்தையும் நிலத்தையும். ஒரு தளபதி காணும் காட்சி இதுதான் என்கிறார். அதுவரை தரையில் நின்று எதிரே வரும் ஆளை மட்டும் பார்த்துப் பழகியவன் அந்த உயரத்திலிருந்து களத்தை முழுசாகப் பார்க்கிறான். பிறகு தன் பிடிக்கத்தியை அவனிடம் கொடுத்துவிட்டு ஓகி சாகிறார். அந்த ஆயுதத்தைச் சுழற்றும் வலு வர ஷினுக்கு வருடக்கணக்கில் ஆகிறது.

ஷிஜியின் மூன்று எழுத்துக்குக் கிடைத்த விளக்கம் இது.

ஹாரா ஏன் இப்படிப்பட்ட குருவை லீ ஷினுக்குக் கொடுத்தார்? என் பதில் வரலாற்றின் பிற்பகுதியில் இருக்கிறது. தெற்கே சூ என்ற பெருநாட்டை வெல்ல எத்தனை பேர் வேண்டும் என்று அரசன் ஜெங் கேட்டபோது, 2 லட்சம் போதும் என்றார் லீ ஷின். முதிய தளபதி வாங் ஜியான் 6 லட்சத்துக்குக் குறையாமல் வேண்டும் என்றார். கிழவருக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்த அரசன் இளைஞரை அனுப்பினான். கி.மு. 225-இல் லீ ஷினின் படை நொறுங்கியது. அரசன் தானே வாங் ஜியானைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டு, 6 லட்சம் பேரையும் கொடுத்தான். அவர் அவசரப்படவில்லை. கோட்டைக்குள் இருந்து வீரர்களுக்கு நல்ல சாப்பாடு போட்டு, குளிக்கவைத்து, அவர்களோடு தானும் உட்கார்ந்து உண்டு, காத்திருந்தார். கி.மு. 223-இல் சூ வீழ்ந்தது.

ஆக, களத்தை முழுசாகப் பார்க்கத் தவறியவராகத்தான் லீ ஷினை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. முடிவு தெரிந்தே எழுதத் தொடங்கிய ஹாரா, அவருடைய இளமையில் பார்வையைக் கற்றுத்தர ஒருவரை நிறுத்தினார். தோல்விக்குப் பின் லீ ஷின் தண்டிக்கப்படவில்லை. கடைசிப் படையெடுப்புகளில் அவர் பெயர் மறுபடியும் வருகிறது. அவர் வழியில் வந்த, பிற்கால ஹான் பேரரசின் தளபதி லீ குவாங், எல்லா வீரர்களும் குடித்து முடிக்கும்வரை தண்ணீரைத் தொடமாட்டார் என்று ஸீமா சியெனே எழுதுகிறார். லீ குவாங்கின் பேரன் லீ லிங் எதிரியிடம் சரணடைந்தபோது அவருக்காகப் பரிந்து பேசியதால்தான் ஸீமா சியெனுக்கு ஆண்மை நீக்கத் தண்டனை கிடைத்தது. அதைத் தாங்கிக்கொண்டுதான் நூலை முடித்தார்.

சூ நாட்டுத் தோல்வியை ஹாரா இதுவரை வரையவில்லை. ஓகியிடம் படித்த ஒருவன் 2 லட்சம் போதும் என்று சொல்லும் இடத்துக்கு எப்படி வந்து சேர்வான் என்பதைத்தான் வாசகர்கள் பல வருடமாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.